எண்ணுக்கு விடுதலை, கைபேசிக்குப் பூட்டு: நெட்வொர்க் மாறுவோருக்குக் கிடைத்துள்ள பாதி உரிமை

பெங்களூரு: கைபேசி எண்ணை இழக்காமல் சேவை நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் உரிமை இந்திய வாடிக்கையாளர்களுக்குக் கிடைத்துப் பத்தாண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. 1900 என்ற எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி, அடையாளச் சான்று, புதிய சிம் கார்டு ஆகியவை இருந்தால், ஒரே தொலைத்தொடர்பு வட்டத்திற்குள் மூன்று வேலை நாட்களில் எண் புதிய நிறுவனத்தின் வசம் சென்றுவிடுகிறது. ஆனால், கையில் இருக்கும் கருவி அந்தப் புதிய சிம் கார்டை ஏற்குமா என்பது வேறு கேள்வி. அதற்கு இதே அளவு தெளிவான விடை வாடிக்கையாளருக்குக் கிடைப்பதில்லை.

இந்தியக் கடைகளில் விற்பனையாகும் பெரும்பாலான கைபேசிகள் எந்த நிறுவனத்தின் சிம் கார்டிலும் இயங்குகின்றன. கருவியைத் தனியாகவும் இணைப்பைத் தனியாகவும் வாங்கும் சந்தைப் பழக்கத்தால் விளைந்த வசதி இது. விலைச் சலுகையுடனோ கடனிலோ கருவியை வாங்கும்போது இந்தப் பழக்கம் மாறுகிறது. குறைந்த வருமானம் உள்ளவர்களே இவ்வழிகளை அதிகம் நாடுவதால், நெட்வொர்க் மாறும் சுதந்திரம் யாருக்கு மிகவும் தேவைப்படுகிறதோ அவர்களிடமே அது குறைவாக உள்ளது.

எண் விடுதலை பெற்ற பாதை

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) எண் பெயர்வுக்கான விதிமுறைகளை 2009-ஆம் ஆண்டு வெளியிட்டது. 2010 நவம்பர் 25 அன்று ஹரியானா வட்டத்தில் இவ்வசதி முதலில் நடைமுறைக்கு வந்தது. 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுவதும் விரிவடைந்தது. அப்போது ஒரு வட்டத்திற்குள் மட்டுமே எண்ணை மாற்ற முடிந்தது. சென்னையிலோ ஓசூரிலோ வாங்கிய தமிழ்நாட்டு எண்ணுடன் பெங்களூருவுக்கு வேலைக்கு வந்தவர்கள், கர்நாடக வட்டத்தில் புதிய எண் வாங்க வேண்டியிருந்தது அல்லது ரோமிங் கட்டணத்தைச் சுமக்க வேண்டியிருந்தது. 2015 ஜூலை 3 முதல் வட்டம் விட்டு வட்டம் மாறும்போதும் எண்ணைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்ற நிலை ஏற்பட்டது.

அடுத்த பெரிய மாற்றம் 2019 டிசம்பர் 16 அன்று வந்தது. அதுவரை போர்ட்டிங் குறியீட்டைப் பெற்று விண்ணப்பித்த பிறகு, ஏதேனும் ஒரு காரணத்தைக் காட்டிப் பழைய நிறுவனம் மறுக்க இடமிருந்தது. புதிய முறையில், தகுதி முதலிலேயே சரிபார்க்கப்பட்டு, தகுதி உள்ளவர்களுக்கு மட்டும் குறியீடு வழங்கப்படுகிறது. ஒரே வட்டத்திற்குள் மூன்று வேலை நாட்கள், வட்டம் விட்டு வட்டம் மாற ஐந்து வேலை நாட்கள் என்ற காலவரையறையும் வகுக்கப்பட்டது. வெளியேற விரும்பும் வாடிக்கையாளரைத் தடுக்கும் அதிகாரம் பழைய நிறுவனத்தின் விருப்பத்தைச் சார்ந்திராதவாறு விதி மாற்றப்பட்டதே இதன் சாரம். கருவியின் பூட்டு இந்தச் சீர்திருத்தத்தின் எல்லைக்கு வெளியே இருந்தது.

பூட்டு எவ்வாறு இயங்குகிறது?

எண், சிம் கார்டு, கருவி ஆகிய மூன்றும் வெவ்வேறு என்பதை உணர்ந்தால் சிக்கல் எளிதில் விளங்கும். ஒவ்வொரு சிம் கார்டிலும் ஐஎம்எஸ்ஐ எனப்படும் சந்தாதாரர் அடையாள எண் பதியப்பட்டுள்ளது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். இந்தியாவுக்கு 404, 405 போன்ற குறியீடுகள் உள்ளன. அடுத்து வரும் இலக்கங்கள் சேவை நிறுவனத்தைக் குறிக்கும். நெட்வொர்க் பூட்டு உள்ள கைபேசி இந்த இலக்கங்களைப் படித்து, தனக்கு அனுமதிக்கப்பட்ட நிறுவனத்தின் கார்டாக இருந்தால் மட்டுமே இயங்கும்.

எண்ணை வேறு நிறுவனத்திற்கு மாற்றும்போது பத்து இலக்கக் கைபேசி எண் அப்படியே இருக்கும். ஆனால் புதிய சிம் கார்டில் புதிய நிறுவனத்தின் அடையாள எண் இருக்கும். எனவே எண் பழையதாகவே இருந்தாலும், பூட்டப்பட்ட கருவிக்கு அது அந்நியக் கார்டுதான். பூட்டை நீக்கும் அதிகாரம் அதைப் போட்ட நிறுவனத்திடமே உள்ளது. சில கருவிகளுக்கு அந்நிறுவனம் திறப்புக் குறியீடு ஒன்றை வழங்கும். ஐபோன் போன்றவற்றில், கருவியின் ஐஎம்இஐ எண் தயாரிப்பாளரின் கணினிப் பதிவில் 'பூட்டு நீக்கப்பட்டது' என மாற்றப்படும்.

முழு விலை கொடுத்தும் பூட்டு

பூட்டு இந்தியாவுக்குப் புதிதன்று. 2003-ஆம் ஆண்டு ரிலையன்ஸ் இன்ஃபோகாம் ரூ.501 முன்பணத்தில் சிடிஎம்ஏ கைபேசிகளை வழங்கியபோது, எண்ணும் இணைப்பும் கருவிக்குள்ளேயே பதியப்பட்டிருந்தன. நிறுவனத்தை விட்டு விலகினால் கருவி பயனற்றுப் போகும். 2008 ஆகஸ்ட் 22 அன்று ஐபோன் 3ஜி இந்தியாவுக்கு வந்தபோது, ஏர்டெல், வோடஃபோன் ஆகிய நிறுவனங்கள் அதைத் தத்தம் நெட்வொர்க்கில் பூட்டியே விற்றன. 8 ஜிபி மாதிரியின் விலை ரூ.31,000. அமெரிக்காவில் அதே கருவி இரண்டாண்டு ஒப்பந்தத்துடன் 199 டாலருக்குக் கிடைத்தது. அங்கே பூட்டுக்கு ஈடாக விலைச் சலுகை இருந்தது. இங்கே ஏறத்தாழ முழு விலையைக் கொடுத்தவரும் பூட்டை ஏற்க வேண்டியிருந்தது.

இன்றைய நிலையில் பூட்டு அடித்தட்டுச் சந்தையில் காணப்படுகிறது. 2017 ஜூலை 21 அன்று அறிவிக்கப்பட்ட ஜியோபோன், மூன்று ஆண்டுகளுக்குப் பின் திரும்பப் பெறத்தக்க ரூ.1,500 வைப்புத்தொகையில் வழங்கப்பட்டது. ஜியோ சிம் கார்டு மட்டுமே அதில் இயங்கும். 2023 ஜூலையில் ரூ.999 விலையில் அறிமுகமான ஜியோ பாரத் கைபேசியும் அதே நெட்வொர்க்குக்கு உரியதாகவே வந்தது. முன்னதில் வைப்புத்தொகையைத் திரும்பப் பெறும் வாய்ப்பாவது இருந்தது. பின்னது நேரடி விற்பனை.

இதற்கு நிறுவனத் தரப்பில் வலுவான வாதம் உண்டு. 2ஜி கைபேசியோடு நின்றுவிட்ட கோடிக்கணக்கானோரை இணையத்திற்குக் கொண்டுவர விலையைத் தரையளவு குறைக்க வேண்டும். குறைத்த விலையைச் சேவைக் கட்டணத்தின் மூலமே மீட்க முடியும். சலுகை விலையில் கருவியை வாங்கியவர் மறுநாளே போட்டி நிறுவனத்துக்குச் சென்றால் அந்த வணிகமே நடக்காது என்பது அந்த வாதம். ஜியோபோன் வழியாக முதன்முறையாக இணையத்தையும் வீடியோ அழைப்பையும் கண்ட குடும்பங்கள் பல லட்சம் என்பதையும் மறுக்க இயலாது. எனினும், மீட்க வேண்டிய தொகை மீண்ட பிறகும் பூட்டு ஏன் தொடர வேண்டும் என்ற கேள்விக்கு இந்த வாதத்தில் விடை இல்லை.

பூட்டு இல்லாமலேயே வாடிக்கையாளரைத் தக்கவைக்க முயன்ற முன்மாதிரியும் இங்கே உண்டு. 2017 அக்டோபரில் ஏர்டெல், கார்பன் நிறுவனத்துடன் இணைந்து ரூ.2,899 விலையில் ஸ்மார்ட்போன் ஒன்றை வழங்கியது. 36 மாதங்கள் தொடர்ந்து ரூ.169-க்கு ரீசார்ஜ் செய்தால், இரு தவணைகளாக ரூ.1,500 திரும்பக் கிடைக்கும் என்பது திட்டம். இடையில் விலகுபவர் சலுகையை இழப்பார். கருவியை இழக்க மாட்டார்.

கட்டண உயர்வு காட்டிய வேறுபாடு

நெட்வொர்க் மாறும் உரிமையின் மதிப்பு 2024 ஜூலையில் வெளிப்பட்டது. அம்மாதத் தொடக்கத்தில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா ஆகிய மூன்று தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்துக் கட்டணங்களை உயர்த்தின. டிராய் வெளியிட்ட விவரங்களின்படி, அந்த ஒரே மாதத்தில் அரசு நிறுவனமான பிஎஸ்என்எல் சுமார் 29 லட்சம் இணைப்புகளைக் கூடுதலாகப் பெற்றது. ஏர்டெல் சுமார் 16.9 லட்சம், வோடஃபோன் ஐடியா சுமார் 14.1 லட்சம், ஜியோ சுமார் 7.6 லட்சம் இணைப்புகளை இழந்தன. விலை உயர்ந்தால் வெளியேறலாம் என்ற வாய்ப்பே வாடிக்கையாளரின் பேரம் பேசும் வலிமை என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

பூட்டப்பட்ட கருவி வைத்திருந்தவருக்கு அந்தக் கணக்கு வேறாக இருந்தது. அவர் எண்ணை மாற்றத் தடையில்லை. ஆனால் புதிய சிம் கார்டைப் பொருத்த இன்னொரு கருவி வாங்க வேண்டும். மாதம் சில பத்து ரூபாய் மிச்சப்படுத்த, குறைந்தது ஆயிரம் ரூபாயாவது செலவிட வேண்டிய நிலை. முப்பதாயிரம் ரூபாய் ஸ்மார்ட்போன் வைத்திருப்பவருக்கு இந்தச் செலவே இல்லை. கட்டண உயர்வின் சுமை யாருக்கு அதிகமோ, அவருக்கே வெளியேறும் வாயிலும் குறுகலாக அமைகிறது.

எஸ்.பி. ரோட்டில் காத்திருக்கும் வெளிநாட்டுக் கைபேசி

பெங்களூருவில் பூட்டுச் சிக்கலுக்கு மற்றொரு முகமும் உண்டு. அமெரிக்காவில் படித்தோ பணிபுரிந்தோ திரும்புவோர், உறவினர் அனுப்பிய கைபேசியைப் பெறுவோர், வெளிநாட்டுப் பழைய கருவியைக் குறைந்த விலையில் வாங்குவோர் ஆகியோர் இந்நகரில் ஏராளம். எஸ்.பி. ரோடு எனப்படும் சாதர் பத்ரப்பா சாலையும், மெஜஸ்டிக் பகுதியின் நேஷனல் மார்க்கெட்டும் இவர்கள் தேடிச் செல்லும் இடங்கள். சென்னைக்கு ரிச்சி தெருவும் பர்மா பஜாரும் எப்படியோ, பெங்களூருவுக்கு இவை அப்படி.

பெங்களூருவை அடுத்த தேவனஹள்ளியிலும், கோலார் மாவட்டம் நரசாபுராவிலும், தமிழ்நாட்டின் ஸ்ரீபெரும்புதூரிலும் பொருத்தப்படும் ஐபோன்கள் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகின்றன. அங்கே சேவை நிறுவனத்தின் தவணைத் திட்டத்தில் விற்கப்படும்போது அவை பூட்டுக்குள் செல்கின்றன. ஏடி அண்ட் டி நிறுவனத்தின் கொள்கைப்படி, தவணை முழுவதும் செலுத்தப்பட்டு, குறைந்தது 60 நாட்கள் இணைப்பு இயங்கியிருந்தால்தான் பூட்டு நீக்கப்படும். டி-மொபைல் நிறுவனம் மாதக் கட்டண இணைப்புகளுக்கு முழுத் தொகையுடன் 40 நாள் பயன்பாட்டை நிபந்தனையாக்கியுள்ளது. தவணை பாக்கியுடன் தாயகம் திரும்பியவரின் கைபேசியை, எஸ்.பி. ரோட்டின் திறமையான பழுதுநீக்குநராலும் முறைப்படி திறந்துவிட முடியாது.

இந்த இடைவெளியில்தான் குறுக்குவழிகள் முளைக்கின்றன. சிம் கார்டின்மீது ஒட்டிப் பொருத்தும் மெல்லிய சில்லு, கருவியை ஏமாற்றிச் சில காலம் இயங்கச் செய்யும். மென்பொருள் புதுப்பிப்பு ஒன்று வந்தால் பயன் நின்றுபோகலாம். அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களில் 2022-இன் ஐபோன் 14 முதல் சிம் கார்டு செருகும் தட்டே இல்லை. இ-சிம் மட்டுமே உண்டு. அவற்றில் இந்த உத்திக்கும் இடமில்லை.

பூட்டை நீக்குவதும் ஐஎம்இஐ எண்ணைத் திருத்துவதும் ஒன்றல்ல என்பது இங்கே முக்கியம். கைபேசியின் அடையாள எண்ணைத் திருத்துவது தொலைத்தொடர்புச் சட்டம் 2023-இன்படி மூன்று ஆண்டுகள் வரை சிறை அல்லது ரூ.50 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றம். பழைய கருவியை வாங்குபவர், *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணைப் பார்த்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். தொலைந்த கைபேசிகளைக் கண்டறியும் இந்த அமைப்பு 2023 மே மாதம் நாடு முழுவதும் விரிவாக்கப்படும் முன்பே, கர்நாடகக் காவல்துறை அதன் துணையுடன் 2,500-க்கும் மேற்பட்ட கைபேசிகளை மீட்டு உரியவர்களிடம் ஒப்படைத்திருந்தது.

பிற நாடுகள் சென்ற வழி

நெட்வொர்க் பூட்டை முழுமையாக விலக்கிய நாடுகள் உள்ளன. கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் புதிய கைபேசிகள் பூட்டின்றியே விற்கப்பட வேண்டும். பழையவற்றைக் கட்டணமின்றித் திறந்துதர வேண்டும். பிரிட்டனில் 2021 டிசம்பர் 17 முதல் பூட்டிய கைபேசிகளை விற்பதற்கு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் தடை விதித்தது. நெட்வொர்க் மாற எண்ணிப் பின்னர் கைவிட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர், பூட்டைத் திறக்கும் சிரமத்தைக் காரணமாகக் கூறியதை அந்த அமைப்பு சுட்டிக்காட்டியிருந்தது.

அமெரிக்காவின் பாதை வேறு. அங்கே நிறுவனத்தின் அனுமதியின்றிப் பூட்டைத் திறப்பது பதிப்புரிமை மீறலாகக் கருதப்படும் நிலை 2013 ஜனவரியில் உருவானது. அதை எதிர்த்து 1.14 லட்சம் பேர் வெள்ளை மாளிகைக்கு மனு அளித்தனர். 2014 ஆகஸ்ட் 1 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அந்நிலையை மாற்றியது. சந்தைப் பழக்கத்தின் தயவில் இருக்கும் உரிமை ஒரே நாளில் பறிபோகலாம் என்பதையும், சட்டத்தில் எழுதினால் அது நிலைபெறும் என்பதையும் அந்த ஒன்றரை ஆண்டு நிகழ்வு உணர்த்துகிறது.

கடனாக வரும் புதிய பூட்டு

இந்தியாவில் இப்போது விவாதத்தில் இருப்பது வேறொரு பூட்டு. தவணைக் கடனில் வாங்கிய கைபேசிக்குத் தவணை தவறினால், கடன் நிறுவனம் தொலைவிலிருந்தே அதை முடக்கும் முறை அது. 2024-ஆம் ஆண்டில் இம்முறையை நிறுத்துமாறு கடன் நிறுவனங்களிடம் ரிசர்வ் வங்கி கூறியிருந்தது. பின்னர், கடன் வாங்குபவரின் முன்ஒப்புதல், தனிப்பட்ட தரவுகளுக்குப் பாதுகாப்பு ஆகிய நிபந்தனைகளுடன் அதை அனுமதிக்கும் யோசனை பரிசீலனையில் இருப்பதாக 2025 செப்டம்பரில் செய்தி வெளியானது. நுகர்வோரின் உரிமையையும் கடன் வழங்குவோரின் நலனையும் சீர்தூக்கி ஆராய்ந்து வருவதாக ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா அக்டோபர் மாதம் தெரிவித்தார்.

நெட்வொர்க் பூட்டு ஒருவரை ஒரு நிறுவனத்தோடு கட்டிப்போடுகிறது. கடன் பூட்டு கருவியையே பறிக்கிறது. யுபிஐ பணப் பரிமாற்றம், வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல், அரசு நலத்திட்டப் பதிவு அனைத்தும் கைபேசிக்குள் வந்துவிட்ட காலம் இது. பெங்களூருவில் உணவு விநியோகம் செய்பவருக்கும், செயலி வழியாக வாடகை வண்டி ஓட்டுபவருக்கும் கைபேசியே தொழிற்கருவி. நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றச் சொத்தை ஜப்தி செய்யும்போதும் கைவினைஞரின் தொழிற்கருவிகளை எடுக்கக் கூடாது என்கிறது 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு. தொழிற்கருவியைப் பறித்தால் கடனை அடைக்கும் வழியும் அடைபடும் என்ற அனுபவ அறிவு அதன் பின்னணியில் உள்ளது. கைபேசி முடக்கத்திற்கு விதி வகுப்போர் அதையும் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

மாறுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

விதிகள் தெளிவடையும் வரை, வாடிக்கையாளரின் முன்னெச்சரிக்கையே பாதுகாப்பு. முதலில் எண்ணின் தகுதி. தற்போதைய நிறுவனத்தில் 90 நாட்கள் நிறைவடைந்திருக்க வேண்டும். மாதக் கட்டண இணைப்பாயின் பாக்கி இருக்கக் கூடாது. சிம் கார்டைத் தொலைத்தோ சேதப்படுத்தியோ மாற்றியிருந்தால், ஏழு நாட்கள் கழிந்த பிறகே போர்ட்டிங் குறியீடு கிடைக்கும். மோசடியாகச் சிம் மாற்றி எண்ணைக் கைப்பற்றுவதைத் தடுக்க 2024 ஜூலை 1 முதல் இவ்விதி நடப்பில் உள்ளது. பெரும்பாலான வட்டங்களில் குறியீடு நான்கு நாட்களுக்கு மட்டுமே செல்லும்.

இரண்டாவதாகக் கருவியின் பூட்டு. வேறு நிறுவனத்தின் சிம் கார்டைச் செருகிப் பார்ப்பதே எளிய சோதனை. திறப்புக் குறியீட்டைக் கேட்டால் பூட்டு உள்ளது என்று பொருள். ஐபோனில், அமைப்புகளின் 'அறிமுகம்' பக்கத்தில் நெட்வொர்க் பூட்டு குறித்த வரி இருக்கும். சிம் கட்டுப்பாடு இல்லை என்று அதில் காட்டினால் கவலையில்லை. போர்ட்டிங் கோரிக்கையை அனுப்பும் முன்பே இச்சோதனையைச் செய்வது நல்லது. ஒருமுறை மாறினால், மீண்டும் மாற 90 நாட்கள் காத்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக, பூட்டு இல்லாவிட்டாலும் கருவி பொருந்துமா என்பது. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி சேவை இல்லாததால், வோல்டே வசதியற்ற பழைய கைபேசியில் அழைப்பே வராது. பிஎஸ்என்எல் 4ஜி சேவைக்கு 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை முக்கியமானது. அதை ஏற்காத கருவியில் சிக்னல் குறைவாகவே இருக்கும்.

பூட்டு பற்றித் தெரிவிக்காமல் கருவியை விற்றிருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம். பொருளைப் பற்றி அறியும் உரிமையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 உறுதிசெய்கிறது. நியாயமற்ற ஒப்பந்தம் என்ற அடிப்படையிலான வழக்குகள் மாவட்ட ஆணையத்திற்கு அன்றி, மாநில ஆணையத்திற்கே செல்ல வேண்டும். தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாடுகளை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் உறுதிப்படுத்தியுள்ளது. ஆயினும், ஆயிரம் ரூபாய்க் கைபேசிக்காக மாநில ஆணையத்தின் படியேறுவோர் எத்தனை பேர் இருக்க முடியும்?

தேவைப்படுவது சிறிய விதி

பூட்டை முற்றிலும் தடைசெய்தால் மலிவு விலைக் கருவிகள் மறையக்கூடும் என்ற அச்சத்தைப் புறந்தள்ள வேண்டியதில்லை. அதற்கு இடமளித்தே விதி வகுக்கலாம். பூட்டு இருப்பதையும் அதன் கால அளவையும் பெட்டியின்மீது மாநில மொழியில் அச்சிடுவது, சலுகைக்கு ஈடான காலம் முடிந்ததும் பூட்டு தானாக நீங்குவது, முழு விலையில் விற்ற கருவிக்குப் பூட்டே இல்லாதிருப்பது ஆகிய மூன்றும் அதற்குப் போதுமானவை. 2019-ஆம் ஆண்டு எண் விஷயத்தில் டிராய் செய்ததும் இதுவே: தகுதி எது, காலம் எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுதிவைத்து, மறுக்கும் வாய்ப்பைக் குறைத்தது.

எண்ணை எடுத்துச் செல்லும் உரிமையால் போட்டி பெருகியது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. கருவியையும் எடுத்துச் செல்ல முடிந்தால்தான் அந்தப் போட்டியின் பயன் ஆயிரம் ரூபாய்க் கைபேசி வைத்திருப்பவர் வரை சென்று சேரும்.